பதினொன்று எண்ணும்வரை

காலை ஐந்தேமுக்காலுக்கு முதல் வேலை
மரையாணிகளை முடுக்குவது.
மூன்று மீட்டர் உயரத்தில்
பலகை குளிர்ந்து கிடக்கும்.
அதன் வயிற்றடியில் ஓர் உருளைச் சக்கரம்;
காலால் உருட்டினால் பலகை இளகும், இறுகும்.
நேற்றுக் கடைசியாய்க் குதித்தவர் யாரென்று
சக்கரம் நிற்கும் இடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

நான் போர்பாலா.
செகெத் நகரசபையின் நீச்சல்குளத்தில்
இருபத்திரண்டு வருடமாக
மற்றவர்கள் குதிக்கிற ஒன்றுக்குக் காவல்.

எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கும்
பெரிய ஆசைக்காரர்கள் பார்க்கும் சின்ன உத்தியோகத்துக்கும்
ஒரே பெயர்: குதிபலகை.
ஜோம்போர் அப்படித்தான் சொன்னான்,
புது மேலாளர், நீலக் கோட்டு, முப்பத்தோரு வயது,
தொலைபேசியில் யாரிடமோ சிரித்தபடி:
"இந்தக் குளம் எனக்கொரு குதிபலகை, அவ்வளவுதான்."
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
குளோரின் வாளியோடு நான்.
கோபம் வரவில்லை.
நீந்தத் தெரியுமா தம்பி என்று
கேட்கத்தான் வாய் வந்தது.

பதினான்கு மாதம்.
பிறகு புடாபெஸ்ட், அமைச்சகம், தனி அறை.
விடைபெறும் கேக்கில் எனக்கு ஓரத்துண்டு.

மேலே போகிறவன் முதலில் கீழே போகவேண்டும்.
தன் எடை அத்தனையையும் நுனியில் இறக்கி
பலகையை வில்லாய் நோகவைக்க வேண்டும்.
வாங்கிய நோவைத்தான் அது திருப்பி எறிகிறது,
நாம் அதை உயரம் என்கிறோம்.
இரண்டு முழம். மிஞ்சினால் மூன்று.
படம் பிடிக்கிறவர்கள் அந்தக் கணத்தைத்தான் பிடிக்கிறார்கள்.
அதற்குப் பிறகு நடப்பதை
அந்தச் சொல்லை ஆள்கிறவர் ஒருவரும் சொல்வதில்லை:
பலகையிலிருந்து குதித்த எல்லோரும்
பலகைக்குக் கீழேதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.
கூரையை அண்ணாந்து பார்த்திருக்கிறேன்,
எவரும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

போனவர் போனபின் பலகை ஆடும்.
தண்ணீர் கைதட்டும்,
கூட்டம் தண்ணீரைப் பார்க்கும்.
நான் பலகையைப் பார்ப்பேன்.
வளர்ந்தவர் என்றால் பதினொன்று எண்ணும்வரை,
பிள்ளைகள் என்றால் ஏழு,
பிறகு அது தன் நேர்கோட்டுக்கு வந்து
ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

ஜோம்போர் போனபின்
சீட்டுக் கொடுக்கும் ரோஜி
இரண்டு வாரம் அவன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.
கொதிகலன் பழுதுக்கான தாள்
கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது.
தண்ணீர் பதினெட்டு டிகிரிக்கு இறங்கியது.
மூட்டுவலிக்கு வரும் செவ்வாய்க்கிழமைப் பெண்கள்
வருவதை நிறுத்தினார்கள்.
முப்பது எண்ணியும், முந்நூறு எண்ணியும்
நாங்கள் ஆடிக்கொண்டே இருந்தோம்.

இன்னொன்று.
எமெஷெ என்றொரு பெண், ஒன்பது வயது,
போன மாதம் நுனிவரை போனாள்.
கால்விரல்கள் விளிம்பைக் கவ்வின.
கீழே நீலம். பின்னால் வரிசை. யாரோ சீட்டியடித்தார்கள்.
திரும்பினாள். நடந்தாள்.
ஏணிக்கு முகம் காட்டி ஒவ்வொரு படியாய் இறங்கினாள்.
அதற்கு எங்களிடம் சொல்லே இல்லை.
அவள் காலடிக்கும் பலகை அசைந்தது,
லேசாக, இரண்டுமுறை,
தலையாட்டுவதுபோல.

நேற்றிரவு கல்லாவை எண்ணிப் பூட்டிவிட்டு
விளக்கை அணைக்குமுன் ஏறினேன்.
ஐம்பத்தேழு வயது, தொண்ணூறு கிலோ.
சக்கரத்தை எனக்கென்று உருட்டிக்கொண்டது
இதுதான் முதல்முறை.
மூன்றடி நடை, ஒரு துள்ளல்,
மேலே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று கேட்காதீர்கள்.
வயிறு அறை வாங்கியது, மூக்கெல்லாம் குளோரின்.
பதினெட்டு டிகிரி உவமையல்ல.

தலையைத் தூக்கி, மூக்கைச் சிந்தி,
திரும்பிப் பார்த்தேன்.
ஆளில்லாத கூடத்தில்
பலகை எனக்காக ஆடிக்கொண்டிருந்தது.
பதினான்கு.

இன்று காலை
ஓர் ஆணி கொஞ்சம் தளர்ந்திருந்தது.
முடுக்கினேன்.