முப்பத்தெட்டுக் கிலோமீற்றர்

சபையில் தந்த தாளில் இருந்தது இது:
"மாவட்டப் போக்குவரத்துக் கொள்கை வரைபு தொடர்பான
பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம்.
செவ்வாய் காலை பத்து மணி, சபை மண்டபம்.
சகலரும் தவறாது சமுகமளிக்கவும்."
ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.
'தொடர்பான' வரும்போதே மூச்சு முடிந்துவிட்டது.

ஒரு தாள் தபாற்கந்தோர்ச் சுவரில்.
ஒன்று சங்கக்கடைக் கதவில்,
கடை திறந்தால் எழுத்து உட்பக்கம் போய்விடும்.
ஒன்று சபையின் சொந்தப் பலகையில்,
கண்ணாடிக்குப் பின்னால், பூட்டி,
போன வருட நாய்ப்பதிவு அறிவித்தலின் மேல்.
மிச்ச ஊர்களுக்கு என் ஓட்டோ.
கூரையில் இரண்டு கோன்,
பின்சீட்டில் அம்பிளிபயரும் கார் பற்றரியும்.

மல்லாவி, யோகபுரம், பிறகு உள்பாதைகள்.
இந்தப் பக்கத்தில் என் குரலுக்கு ஒரே வேலைதான்,
மரண அறிவித்தல்.
"அன்பார்ந்த பொதுமக்களே" என்றதும்
உலையை விட்டு, கிணற்றுக் கயிற்றை விட்டு
படலைக்கு வந்துவிடுகிறார்கள்.
"ஆர் மோனை?"
"ஒருத்தரும் இல்லை. பஸ்."
"ஐயோ, பஸ் பிரண்டதோ?"
"இல்லையம்மா, பஸ்ஸைப் பற்றிக் கதைக்கக் கூப்பிடுகினம்."
சிரித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்,
ஆரும் சாகாத நிம்மதியோடு.

தேறாங்கண்டல் தாண்டி ஒரு மனிதர்
படலைக்கு வரவில்லை.
சைக்கிள் கரியரில் கையை வைத்தபடி
நான் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நின்றார்,
'உடனடியாக' என்ற சொல் வருகிறதா என்று பார்ப்பதுபோல்.
என் தாளில் அந்தச் சொல் இல்லை.
சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

ஐயன்கன்குளத்தில் தார் முடிந்து கிரவல் தொடங்கும் இடத்தில்
பவளராணி மறித்தா.
கையில் கிளினிக் கொப்பி.
"பத்து மணிக்கோ?"
"ஓம், பத்து."
"ஆறே முக்காலுக்கு ஒரு பஸ் போகும்.
அதைவிட்டால் மூன்றரை.
உங்கட கூட்டத்துக்கு நான் எந்த பஸ்ஸில வாறது?"
"அதைத்தான் அங்க வந்து சொல்லவேணும்" என்றேன்.
மைக் நிற்பாட்டவில்லை.
இரண்டு கோனிலும் அது போய்
குளக்கட்டில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான்
என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

செவ்வாய்.
அறுபது கதிரை, இருபத்தொரு பேர்.
பதின்மூன்று பேர் உத்தியோகத்தர்.
மைக்காரன் கணக்கில் இல்லை.
சுவரில் மாவட்டத்தை விழுத்திக் காட்டினார்கள்,
சிவப்பும் பச்சையுமாக வீதிகள்.
ஐயன்கன்குளம் வரவேண்டிய இடத்தில்
மின்விசிறிச் சுவிச்சுப் பலகை.

"வேறு கருத்துகள்?"
மைக்கை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன்.
மினிபஸ் சங்கத்தார் சீரீபியின் நேரத்தைக் குறை சொன்னார்.
சீரீபிக்காரர் மினிபஸ்ஸின் வேகத்தைச் சொன்னார்.
பின்வரிசை வெறுமை.
மைக் என் கையில் இருந்தது.
கூலிக்கு வந்தவன் நான்.
"ஆறே முக்கால்" என்றேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்,
ஆர் செத்தது என்ற அதே முகத்தோடு.

மிச்சத்தையும் சொன்னேன். தடுமாறித்தான்.
தாள் இல்லாமல் மைக்கில் கதைத்துப் பழக்கமில்லை.
எழுதுவினைஞர் துஷ்யந்தி பேனையை எடுத்தா.
"பெயர்?"
"பவளராணி."
என்னை ஒருதரம் பார்த்துவிட்டு எழுதினா.
வருகை இருபத்திரண்டு ஆனது.

பிறகு என் வவுச்சர்:
முப்பத்தெட்டுக் கிலோமீற்றர், பெற்றோல் இரண்டு லீற்றர்.
ஒரு பிரதி காசாளருக்கு.
ஒரு பிரதி அறிக்கையின் பின்னிணைப்புக்கு,
'போதிய பிரசித்தம் வழங்கப்பட்டமைக்கு ஆதாரம்.'
"பதிலைக் கொண்டுபோய்ச் சொல்ல
எந்தக் கணக்கில பெற்றோல் அடிக்கிறது?"
துஷ்யந்தி சிரிக்கவில்லை.
படிவத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினா,
பிறகு திருப்பி, பின்பக்கத்திலும்.