ஏழாம் படி

துவாஸ் வானம் இன்னும் வெளுக்கவில்லை.
டூல்பாக்ஸ் மீட்டிங்.
தாளை நீட்டுவார்கள், கையெழுத்திடுவோம்,
எதற்கென்று கேட்டதில்லை.
அதில் ஆபத்துக்கெல்லாம் எண் உண்டு,
ஏர்கான் அறையில் யாரோ
பெருக்கிப் பார்த்த எண்.

இன்று சூப்பர்வைசர் சியூ ஹுவா
தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.
"தொட்டிக்குள் இறங்குவது நீங்கள்.
எங்கே பயம்?"

ஹெல்மெட் வாரைச் சரிசெய்தோம்.
ஒருவன் இருமினான்.
பயமென்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ
என்ற பயம் முதலில்.

பிறகு மொஃபிஸுல்,
அரைத் தமிழும் அரை மலாயுமாய்:
ஏணி. ஏழாம் படி. மிதித்தால் சுற்றும்.
எத்தனை நாளாக?
விரல் விட்டு எண்ணினான்.
ஒரு கை போதவில்லை.

அப்புறம் யாரும் நிற்கவில்லை.
மதியம் காற்று திரும்பினால்
பெயிண்ட் நெடி அடியிலேயே தங்கும்,
மீட்டர் கத்துமுன்பே
நாக்கு கசக்கும் என்றான் அதியன்.
கிரேன்காரருக்கு
நாங்கள் நிற்கும் மூலை தெரியாது
என்றது ஒரு குரல்.
என்னுடையதுதான்.

ஆபீசிலிருந்து இரண்டுமுறை போன்.
இரண்டுமுறையும் அவள் சொன்னது:
"ஏணி வரட்டும்."

பத்தேகாலுக்கு வந்தது.
ஏழாம் படியில் பழக்கதோஷம்,
மூச்சைப் பிடித்துக்கொண்டே மிதித்தேன்.
சுற்றவில்லை.
அடிவரை இறங்கிய பிறகுதான்
மூச்சை விட்டேன்.

நெடிக்கு மாலையில்
ஒரு விசிறி வந்தது, பழசு, சத்தம் அதிகம்.
தாளின் ஓரத்தில் பேனாவால் புதுக்கட்டம்:
சொன்னவர் பெயர்.
மொஃபிஸுலை எழுத்துப்பிழையோடு
எழுதியிருந்தார்கள்.
அவன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

கிரேன் மூலைக்கு
இன்னும் பதில் இல்லை.
நாளைக்கும் சொல்வேன்.