பந்தைக் கொடு

டக்அவுட்டிலிருந்து என் மேட்டுக்கு
முப்பத்தெட்டுத் தப்படி.
வலது முழங்கால் தேய்ந்த பிறகு
நாற்பத்தைந்து.
சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல்
தாண்டி வருவார் வெர்ன் ப்ரிபிஷ்,
அறுபத்திரண்டு வயதிலும்
எங்களைப் போலவே சீருடை,
தொப்பைக்குக் கீழே தவிக்கிற பெல்ட்.
வேறெந்த ஆட்டத்திலும் இல்லை இந்த வேடிக்கை:
கிழட்டு மேனேஜருக்கும் முதுகில் ஓர் எண்.

ஆறு பருவங்களில் நூற்றுப்பதினேழு முறை
என்னிடம் பந்தை வாங்கிப் போனார்.
வாங்கியவன் மறக்கலாம்,
கொடுத்தவன் மறப்பானா?

பத்திரிகைகள் வைத்திருந்தது வேறு கணக்கு.
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வெற்றி,
இரண்டு கோப்பை.
ஆட்டக்காரராக அவர் கிழித்தது பற்றி
ஒரே வரி:
பதினொரு முறை மட்டை பிடித்தார், ஒன்றும் தேறவில்லை.
அந்த வரியைக் கத்தரித்து
அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார்.
கோப்பைப் படம் எதுவும் அங்கே இல்லை.

மேட்டில் வந்து நின்றால் ஆட்டத்தைப் பேசமாட்டார்.
"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா?" என்பார்,
பானீயில் இருக்கும் என் அம்மாவைப் பற்றி,
உடைந்த ஸ்பானிஷில்,
சூரியகாந்தி விதைத்தோலைத் துப்பியபடி.
சுற்றிலும் முப்பதாயிரம் தொண்டைகள்.
பிறகு வலக்கை விரியும்.
அவ்வளவுதான்.

அக்டோபர். ஈரி ஏரியின் காற்று
நகக்கண்ணுக்குள் புகுந்த இரவு.
எட்டாவது இன்னிங்ஸ்,
இரு பக்கமும் பூஜ்யம்,
ஒருவன் மட்டையும் என் பந்தைச் சரியாகத் தொடவில்லை.
நடந்து வந்தார்.
அம்மாவைக் கேட்கவில்லை.
"என்னால் முடியும்" என்றேன்.
தோளைப் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை.
கை விரிந்தது.
பந்தை அவர் காலடியில் போட்டேன்.

குனிந்து,
அந்த முழங்காலோடு குனிந்து,
எடுத்துத் துடைத்தார்.

எனக்குப் பின் வந்த பையன்
மூன்றாவது பந்திலேயே ஹோம் ரன் கொடுத்தான்.
நகரமே அவரைத் திட்டியது.
கேமராக்களுக்கு முன்னால் நானும்.
"தப்பு என்னுடையது" என்றார்,
விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்தத் தோள் அதற்குப் பிறகு
ஒன்பது வருடம் எறிந்தது.
அவரால்தானா, தெரியாது.
கேட்டதில்லை. கேட்டிருந்தால்
விதைத்தோலைத் துப்பியிருப்பார்.

இப்போது மைதான வாசலில்
வெண்கலத்தில் நிற்கிறார்,
இடுப்பில் கை, எங்கோ பார்வை,
தொப்பையைக் காணோம்.
கையை விரித்து வையுங்கள் என்று
சிற்பியிடம் சொல்லிப் பார்த்தேன்.
பிச்சை கேட்பதுபோல் இருக்கும் என்றது கமிட்டி.

ஆமாம், அப்படித்தான் இருக்கும்.
நூற்றுப்பதினேழு முறை கேட்டார்.
ஒருமுறை மட்டும்
நான் கையில் போடவில்லை.