ஒரு மண்டலம்

கோத்தகிரியில் ஜனவரி.
புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிற காலையில்
என் திரையில் ஆறு வட்டங்கள்,
சந்தனத்தில் தொடங்கிக் காப்பிக்கொட்டை வரை.
'உங்கள் நிறம் எது?'
யாரும் புண்படாமல் கேட்க வேண்டும்.
அதற்கே மூன்று நாள் போயிற்று.

சருமத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு செயலி.
பணம் பெங்களூரில் இருந்து.
பொத்தானும் வண்ணமும் சொல்லும் என் பொறுப்பு.
கன்னத்தில் படரும் கருந்திட்டுக்கு
மொழிபெயர்ப்பு நிறுவனம் அனுப்பிய சொல்
'மிகைநிறமேற்றம்'.
பொத்தானைவிட்டு வழிந்தது.
அழித்துவிட்டு எழுதினேன்: மங்கு.
மூன்றெழுத்து.
இருபக்கமும் இடம் மிச்சம்.

சோதித்துப் பார்க்கப் பதினெட்டுப் பேர்.
பதினேழாவது கனகேஸ்வரி,
கீழ்க்கோத்தகிரி பஸ்ஸில் பழக்கம்,
கொழுந்து பறிக்கிறவள்.
இரண்டு கன்னத்து மங்கும்
மூக்குத்தண்டின் மேல் பாலம் போட்டுச்
சேர்ந்துகொண்டிருந்தன.

கேமரா முகம் கேட்டது.
'வெளிச்சம் போதவில்லை.'
ஜன்னலோரம் போனாள்.
போதவில்லை.
வாசலுக்கு வந்தாள்.
வாசல் வரைக்கும் மேகம் வந்திருந்தது.
'முகம் கிடைக்கவில்லை.'
"இங்கதானே இருக்கேன்" என்றாள்,
ரேஷன் கடைக் கைரேகை மிஷினிடம்
சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில்.

கறையும் காய்ப்புமான விரலுக்கு
இழுபட்டை நகரவில்லை.
முட்டியை மடக்கித் தள்ளினாள்.
அன்றிரவே பட்டைகளை எல்லாம் பிடுங்கிப் போட்டேன்.
இனி இரண்டே பொத்தான், உள்ளங்கை அகலத்துக்கு:
'முடிந்தது.'
'இன்று இல்லை.'

'கண்ணாடி முன் நில்லுங்கள்' என்றொரு வரி இருந்தது.
அவள் வீட்டுக் கண்ணாடி
புருஷன் உயரத்துக்கு ஆணியடித்தது.
எக்கி நின்றால் நெற்றியும் வகிடும் தெரியும்.
மங்கு தெரியாது.
"அதுவும் நல்லதுதான்" என்று சிரித்தாள்.
அந்த வரியும் போயிற்று.

குளிருக்கு அடியில்
வெயில் சுடுவது இங்கே யாருக்கும் உறைப்பதில்லை.
அதற்கான களிம்பு
ஒரு குப்பி, ஒன்றரை நாள் கூலி.
இந்தக் கணக்கைத் திரையில்
எந்த மூலையில் வைப்பதென்று தெரியாமல்
வைக்காமலே விட்டேன்.
இதை மட்டும் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அந்தக் கூட்டம்.
காணொளியில் ஷ்ரேயஸ் ஒரு வரைபடம் காட்டினான்.
பதினேழு கோடுகள் இரண்டாம் வாரத்தில் சரிந்து விழ
ஒன்று மட்டும் நேராகப் போனது.
நாற்பத்தெட்டு நாள்.
இரவு ஒன்பதே முக்கால் மணி அடிக்கும்,
பத்தேகாலுக்குள் 'முடிந்தது'.
ஒரு நாள்கூடத் தவறவில்லை.
"யார் இந்தப் பதினேழு?
எது அவரை இழுக்கிறது? கேட்டுச் சொல்லுங்கள்."

கேட்டேன்.

"ராத்திரி ஒம்பதே முக்காலுக்குத்தான்
லைனுக்குத் தண்ணி விடுறாங்க.
நான் அசந்துருவேன்.
இது கத்தி எழுப்பிவிடும்.
கடைசிக் குடம் ரொம்பினதும்
முடிஞ்சதுன்னு அமுக்கிட்டுப் படுத்துருவேன்."

கொடுத்த க்ரீம்?

"காலுக்குப் போட்டேன்.
பித்தவெடிப்புக்கு நல்லாக் கேக்குது."

அறிக்கையில் எழுதினேன்:
'பயனர் பதினேழு. தொடர்ந்து பயன்படுத்துகிறார்.'
பொய்யில்லை.
ஒரு மண்டலம் விடாமல் இருப்பது
சாமிக்கும் மருந்துக்கும் மட்டும்தானா என்ன.

அடுத்த பதிப்பில்
நினைவூட்டலின் பெயரை மாற்றிக்கொள்ள
ஓரத்தில் சின்னதாக ஒரு பென்சில் வரைந்தேன்.
யாரும் கேட்காத வசதி.
ஷ்ரேயஸ் இன்னும் கவனிக்கவில்லை.

போன வாரம் பஸ்ஸில்
ஒரு கை கம்பியில் இருக்க
மறு கையால் போனை நீட்டினாள்.
ஒன்பதே முக்கால்: தண்ணி.
அதற்குக் கீழே புதிதாக, அவளே போட்டது,
அதிகாலை ஐந்தரைக்கு:
காலு.