ஒன்பது மீட்டர்

எங்கள் வயலைக் குறுக்கே கடக்கப்
பன்னிரண்டு எட்டு.
சிகரெட் பற்றவைப்பதற்குள்
அடுத்தவன் நிலத்தில் நிற்பேன்.
நெடுக்கே நடந்தால்தான் பெட்டி காலியாகும்.

ஸாகூர்னாக் குன்றில் ஏறிப் பார்ப்பவர்கள்
அழகு என்கிறார்கள்.
சாலையோரத்திலிருந்து காட்டு விளிம்புவரை
ரையின் வெளிர்பச்சை, ஓட்ஸின் நீலப்பச்சை,
உழுது போட்ட பழுப்பு,
விரித்துக் காயவைத்த துணிபோல்
பட்டை பட்டையாய்.
போன கோடையில் ஒருவர் படமெடுத்து
நாட்காட்டியில் போட்டார்.
ஜூலை மாதம் நாங்கள்தான்.

அழகில்லை அது. வகுத்தல் கணக்கு.

முதலில் வந்தவனுக்கு முழுத்துண்டு கிடைத்தது:
முன்னால் ஓடை, பின்னால் காடு,
குடிக்க நீரும் எரிக்க விறகும்.
அவன் செத்தபோது பிள்ளைகள் மூவர்.
குறுக்கே அறுத்தால்
ஒருவனுக்கு ஓடை போகும்,
ஒருவனுக்குக் காடு போகும்.
ஆகவே நெடுக்காய் அறுத்தார்கள்.
ரொட்டியைக்கூட யாரும் அப்படி அறுப்பதில்லை.
அடுத்த சாவுக்கும் நெடுக்காய்.
அதற்கடுத்ததற்கும்.
ஒரு சவப்பெட்டி வெளியே போனால்
ஒரு வரப்பு உள்ளே வரும்.

வீடுகளும் அந்தக் கணக்குப்படியே,
பங்கின் தலைமாட்டில் ஒவ்வொன்று.
நான்கு கிலோமீட்டருக்கு ஒரே வரிசை.
ஊரின் நடு எங்கே என்று கேட்டால்
நடந்துகொண்டே இருங்கள் என்போம்.

அப்பா எழுபத்தொன்பதில் போனார்.
இருபத்தேழு மீட்டர், நாங்கள் மூவர்.
அலாய்ஸிக்கு மேற்கு, எனக்குக் கிழக்கு,
நடுப்பங்கு தெயோஃபிலாவுக்கு.
அவள் டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டாள்.
உழுதுகொள் என்று சொல்லவில்லை.
விற்றுவிடு என்றும் சொல்லவில்லை.
யார் முதலில் கால்வைப்பது என்று
அண்ணனும் நானும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்த்துக்கொண்டிருந்தபோது பிர்ச் வந்தது.

யாரும் நடவில்லை.
முதல் ஆண்டு புல்லோடு புல்.
ஐந்தாம் ஆண்டு இடுப்பளவு.
இப்போது ரைக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே
வெள்ளைத் தண்டுகளாலான ஒரு காடு,
ஒரு கிலோமீட்டர் நீளம்,
ஒன்பது மீட்டர் அகலம்,
அங்குலம் பிசகாது.
இரண்டு பக்கமும் நாங்கள்தான்
கலப்பையால் செதுக்கி நேராக்கி வைத்திருக்கிறோம்.

ஊரில் இப்படி இன்னும் பதினொன்று.
குன்றில் நின்று விரல் நீட்டுவேன்:
அந்த ஆல்டர் வரிசை ஹாம்பர்க்.
இந்த முட்புதர் சிக்காகோ,
கிறிஸ்துமஸ் வாழ்த்தும் வருவதில்லை.

ஏப்ரலில் நில அளவைக்காரி கொர்தூலா வந்தாள்.
முக்காலியை ஊன்றிவிட்டு
ஜீப்பின் மூக்கில் வரைபடத்தை விரித்தாள்.
எல்லாப் பட்டைகளையும் சேர்த்துச்
சதுரம் சதுரமாய் மாற்றித் தருவார்களாம்.
"டிராக்டர் திரும்ப இடம் கிடைக்கும்" என்றாள்.
பொய்யில்லை.
நாற்பது வருடமாய் நான் திரும்புவது
பக்கத்து நிலத்தில்,
பக்கத்து நிலக்காரன் திரும்புவது என்னுடையதில்.
அதனாலேயே எங்களுக்குள் பேச்சும் உண்டு,
பேச்சில்லாத வருடங்களும் உண்டு.
கையெழுத்துப் போட்டேன்.
அலாய்ஸி பேனாவை வாங்கித் துடைத்துவிட்டுப் போட்டான்.

தெயோஃபிலாவின் மகன் டெரெக்
கையெழுத்தோடு ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தான்:
அந்த நிலத்தில் ஏதாவது இருக்கிறதா?

அன்றுதான் முதல்முறை உள்ளே போனேன்.
காலடியில் தரை
ஏறியது, இறங்கியது, ஏறியது.
கல்லோ வேரோ என்று குனிந்து சருகை விலக்கினேன்.
சால்.
அப்பா குதிரை பூட்டி உழுத கடைசிச் சால்கள்,
மேடும் பள்ளமும் கலையாமல்.
எங்கள் பங்குகளில் டிராக்டர் எப்போதோ
தட்டையாக்கிவிட்ட அதே சால்கள்.
உழாமல் விட்ட இடத்தில்தான்
உழவு மிஞ்சியிருந்தது.

டெரெக்குக்கு இதை எந்த மொழியில் எழுதுவது?

பள்ளங்களில் ஈரம். ஈரத்தில் காளான்.
தொப்பி நிறையப் பறித்துக்கொண்டு வந்து
மேசையில் கொட்டி
மூன்றாய்ப் பிரித்தேன்.

பழக்கம்.