தூதர் பங்கு

கப்பலில் சமையல்காரனான மைத்துனன்
ஹூஸ்டனில் வாங்கி
லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்த பாட்டில்.
இனி குடிக்கமாட்டேன் என்று
கன்வென்ஷன் பந்தலில் நான் கைதூக்கி
நாலு வருஷம்.
கப்பலுக்கு அந்தச் செய்தி போகவில்லை.

மார்த்தாண்டத்தில் பேக்கரி ஷட்டரை இறக்கிவிட்டு
மாவு படிந்த கண்ணாடியோடு லேபிளைப் படித்தேன்.
டன்ஸ்டர் என்றொரு ஆசாமி, மாவுமில்காரன்.
விலைபோகாத மக்காச்சோளத்தைப்
புளிக்கவைத்துக் காய்ச்சியிருக்கிறான்.
புது ஓக் பீப்பாயின் உள்வயிற்றைத் தீயில் கரியாக்கி
ஆறு கோடை அதில் அடைத்துப் போட்டானாம்.
வருஷாவருஷம் கொஞ்சம் ஆவியாகும்;
அது தேவதூதர் பங்கு.

"தூதனுவளும் குடிக்குமோ?" என்றாள் ரெஜினாபாய்.
மூடியைத் திருகி மோந்தாள்.
"அக்கானி அடிப்பிடிச்ச வாசம்.
பொறவு கீரிப்பாறைக் கிராம்பு.
கடைசில
மழையில நனைஞ்ச பலகைக் கதவு."

நான் தள்ளித்தான் நின்றேன்.
நாக்கு நிற்கவில்லை.

கிறிஸ்மஸ் கேக்குக்கு வைத்த கிஸ்மிஸ் பரணியில்
ஒரு சொட்டு விடாமல் கவிழ்த்தாள்.
நாற்பது நாள் ஊறணும்.
கிளறுவது பேக்கரிக்காரன் வேலை.

தினமும் மூடி திறந்து கிளறினேன்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
சில நாள்
பிடிக்காமல்.