வலது விளிம்புக்கு அப்பால்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மழை
மேலிருந்து பெய்வதில்லை.
பக்கவாட்டில் வரும், கடன்காரன் மாதிரி.
சால்மன் பண்ணையின் கண்காணிப்பு அறைக்கு
ஜன்னல் ஒன்று, கணினி ஒன்று,
இரவுப் பணிக்கு நான் ஒருத்தி.

கணினியின் வயிற்றில்
கிராபிக்ஸ் அட்டைகள் இரண்டு.
மேலே இருப்பது எனக்குப் படம் காட்ட.
கீழே இருப்பதற்கு என்னைத் தெரியாது.
கூண்டு வலைக்குள் தொங்கும் கேமராக்களின் வழியே
மீன்களின் விலாவைப் பார்த்து
பேன் எண்ணுவது அதன் வேலை.
ஆமாம், பேன்தான்.
கடலிலும் உண்டு.
மடியில் போட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஏப்ரலில் ஷூருர் வேலையை விட்டான்.
இரண்டாவது திரை அவனுடைய சொந்தத் திரை.
அதைக் கழற்றிக்
கம்பளியில் சுற்றி
இடுப்பில் ஏந்தி
ஐஸ்லாந்துக் கப்பலில் ஏறிவிட்டான்.

அன்று முதல்
என் சுட்டி வலது விளிம்பைத் தாண்டிப் போகிறது.
கூப்பிட்டால் வராது.
மலைச்சரிவு ஆட்டைப்போல
தனக்குத் தோன்றியபோது திரும்பும்.
நேற்று எண்ணிக்கைச் சாளரமும்
அந்தப் பக்கமே போய்த் திறந்துகொண்டது.
குருட்டாம்போக்கில்
அழுத்தினேன், இழுத்தேன், மறுபடி அழுத்தினேன்.
ஒன்றும் வரவில்லை.

தோர்ஸ்ஹவ்னில் தூங்கிக்கொண்டிருந்த பைனிரை
போனில் எழுப்பினேன்.
"இரண்டாவது திரையே கிடையாது."
"இருக்கிறது என்கிறதே கணினி."
"பொய் சொல்கிறது."
"அது தானாகச் சொல்லாது. யாரோ அதனிடம் சொல்லியிருக்கிறார்கள்.
பின்பக்கம் போய்ப் பார்."

மேசைக்கடியில் மண்டியிட்டேன்.
வாயில் டார்ச்.
தூசி, ஒரு பேனா மூடி,
எந்தக் காலத்திலோ விழுந்த திராட்சை ரொட்டித் துண்டு.
எல்லாவற்றுக்கும் மேலே தாய்ப்பலகையின் துளை:
போன மாதம் அதில் செருகி
அரை நாள் கறுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் நான்.
அதற்குக் கீழே என் கேபிள்.
இன்னும் கீழே
எண்ணுகிற அட்டையின் நான்கு வாய்கள்.
மூன்று திறந்திருந்தன.
நான்காவதில்
நகம் அளவு கறுப்பாய் ஏதோ.
கேபிள் இல்லை.
தலை மட்டும், வால் இல்லாமல்.

பைனிர் சிரித்தான்.
"போலிச் செருகி.
திரை இல்லையென்றால் அட்டை சுணங்கிவிடும் என்று
வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
'நான் திரை, என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு'
என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.
அட்டையும் நம்பி
வரைந்துகொண்டே இருக்கும்."

எழுபத்தோரு நாள்.
நொடிக்கு அறுபது தடவை.

உணவுக்கூடத்தில் பட்டியல் காட்டும் திரையைக்
கொக்கியோடு பெயர்த்தெடுத்தேன்.
மால்ஃப்ரித் காலையில் கத்துவாள், கத்தட்டும்.
நகத்தளவுப் பொய்யைப் பிடுங்கி
அந்த வாயில் கேபிளை அழுத்தினேன்.
க்ளிக்.
'சிக்னல் இல்லை' என்ற சிறு பெட்டி
மூலைக்கு மூலை மிதந்தது.
பிறகு
வந்தது.

எண்ணிக்கைச் சாளரம் முதலில்:
மூன்றாம் கூண்டில் பேன் ஏறியிருக்கிறது,
காலையில் சொல்லியாக வேண்டும்.
அதன் பின்னால் பச்சை மேசை,
பாதியில் நின்ற சீட்டாட்டம்.
ஷூருருடையது.
ஆனால் அவன் விட்டபடி இல்லை.
தொலைந்த சுட்டியைத் தேடி நான் அழுத்திய அழுத்தலில்
கட்டிலிருந்து சீட்டுகள் புரண்டிருக்கின்றன.
ஒரு சிவப்பு ஒன்பது
கறுப்புப் பத்தின்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.
பார்க்காமலே
நல்ல ஆட்டம் ஆடியிருக்கிறேன்.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன்:
உன் ஆட்டத்தில் என் கை பட்டுவிட்டது.
அரை மணி கழித்துப் பதில்:
எந்த ஆட்டம்?

மீதியை நானே ஆடினேன்.
ஸ்பேடு ராணி அடியில் மாட்டிக்கொண்டாள்,
தோற்றேன்.

ஏழு மணிக்குக் கீழே மால்ஃப்ரித்தின் குரல்.
வெறும் கொக்கியின் முன்னால்
தட்டோடு நிற்கிறார்கள் படகுக்காரர்கள்,
இன்று என்ன சூப் என்று
யாருக்கும் தெரியவில்லை.